தலைவரின் மூக்கு

கடல் கடந்த பாபகூராவின் தமிழ்ச் சங்கத் தலைவர் தண்டபாணிக்கு ஒரே ஆசைதான். சங்கத்தின் இணையப் பக்கத்தை யார் எவ்வளவு மேலும் கீழும் தள்ளினாலும், வலது கீழ் மூலையில் அவர் படம் மட்டும் ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சிந்து சொன்னபடியே நிறுத்தி வைத்தாள். ஈஸ்ட் டாமாக்கியில் தலைவரின் அலுவலகத்துத் திரை கல்யாணப் பந்தல் அகலம். அதில் படம் ஓரமாகக் கும்பிட்டபடி நின்றது. நாடக டிக்கெட் வாங்கும் பொத்தான் பக்கத்தில் தாராளமாக இருந்தது.

உள்ளங்கை அகல போன் திரையில் இருவருக்கும் இடமில்லை. தலைவர் பொத்தானின் மேலேயே ஏறி நின்றுகொண்டார்.

சிந்து எழுதிய முதல் நாடகம் சனிக்கிழமை மேடையேற இருந்தது. வெள்ளிக்குள் பாதி இருக்கையாவது விற்காவிட்டால் நாடகம் ரத்து என்று தண்டபாணியே சொல்லியிருந்தார். இதுவரை விற்றது, அவள் தனக்கே வாங்கிய ஒன்று.

தோழி அபிதா அழைத்தாள். "டிக்கெட் எங்கடி வாங்குறது? எப்படித் தள்ளினாலும் உங்க தலைவர் நகர மாட்டேங்கிறாரு."

"பதவிய விட்டே நகரல. படத்துல நகருவாரா?"

சிந்து தலைவரை அழைத்தாள். "அங்கிள், போன்ல உங்க படம் பொத்தான மறைக்குது. கொஞ்சம் மேல ஏத்திடவா?"

"என் ஸ்கிரீன்ல ஜம்முனு இருக்கேம்மா. ஒரு இஞ்ச் நகத்தக் கூடாது."

"நகத்தல அங்கிள்."

வாக்கு வாக்குதான். படத்தை அவள் நகர்த்தவில்லை, ஆவியாக்கினாள். கண்ணுக்குத் தெரியும், தொட்டால் விரல் அதைக் கடந்து அடியிலிருக்கும் பொத்தானில் படும். பொத்தான் இருந்தது சரியாக மூக்குக்குப் பின்னால்.

எந்தச் சங்கத்துக்கும் இரண்டு வாட்ஸப் குழு உண்டு: தலைவர் இருப்பது, தலைவர் இல்லாதது. இரண்டாவதில் அபிதா ஒரு வரி போட்டாள்: "டிக்கெட் வேண்டுவோர் தலைவரின் மூக்கை அழுத்தவும்."

ரயிலில் அழுத்தினார்கள், ஆல்பனி ஆபீஸ்களில் அழுத்தினார்கள். சும்மா ஆசைக்கு அழுத்தியவர்கள்கூட, வந்தது வந்தோம் என்று ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். வியாழனன்றே அரங்கு நிறைந்தது.

சனிக்கிழமை வாசலில் நின்று தண்டபாணி வரவேற்றார். வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தின் நடுவே பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

"பாத்தியாம்மா, எல்லாம் என் முகராசி. அடுத்த வருஷம் படத்த இன்னும் பெருசாப் போட்டுடு."

"போட்டுடலாம் அங்கிள்," என்றாள் சிந்து. "மூக்கு மட்டும் இருந்த இடத்துலயே இருக்கட்டும்."