சம்பூர்ணத்தின் இடது கை

எழுபதாம் வருஷம், செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள் காசநோய்க்குப் புது ஊசி போடப்போவதாகச் சொன்ன அன்றே, குப்பத்துக் கிழடுகட்டைகள் எல்லோருக்கும் உடம்பு சரியாகிவிட்டது. பத்து வருஷமாக இருமிக்கொண்டிருந்த சடையன், ஜீப் கண்ணில் பட்டால் இருமலை விழுங்கக் கற்றுக்கொண்டார்.

ஆளுக்கொரு பயம். கல்பாக்கத்தில் என்னவோ கட்டுகிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்றது ஒரு கட்சி. ஊசி மருந்து ஏறிய உடம்பு சிதையில் வேகாது, பாதியில் எழுந்து உட்காரும் என்றது இன்னொரு கட்சி. சடையனின் பயம் தனி.

"இது குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி. பேரை மாத்திகினு வந்துகீறானுங்கோ," என்றார். அவருக்கு எழுபத்திரண்டு வயது.

"ஒடைஞ்ச கட்டுமரத்துக்கு எவன்யா வேலை மெனக்கெட்டுப் பூட்டு போடுவான்?" என்றாள் சம்பூர்ணம்.

சம்பூர்ணத்துக்கு அறுபது இருக்கும். தலையில் மீன் கூடையோடு ஊர் ஊராக நடப்பவள். புருஷன் எல்லப்பன் இருமி இருமியே போனவன். கடைசி ஆறு மாசம் அவன் துப்பிய கொட்டாங்கச்சியை மணல் போட்டு அள்ளிக் கொட்டியவள் அவள்தான். ஊசியைக் கண்டு அவள் பயப்படவில்லை. அவள் வழக்கு வேறு.

குப்பத்தில் கரைவலை பொது. இழுத்த மீனைத் தலைக்கட்டுக்கு ஒரு கூறாக மணலில் குவித்து, ஊர்த்தலைவரான நாட்டார் சிங்காரம் ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். மொத்தம் நாற்பத்தாறு தலைக்கட்டு. புருஷன் செத்தவள் தலைக்கட்டு ஆகமாட்டாள். மகன் வீட்டுக் கூறில் சேர்த்தி. மகன் வீட்டுக் கூறிலிருந்து சம்பூர்ணத்துக்கு வந்தது, மருமகள் கழித்துப் போட்ட மீன் தலை. இரண்டு வருஷமாகத் தனி அடுப்பு மூட்டித் தனிக் கூறு கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் காதில் விழாத மாதிரி இருந்தது. பொம்பளை பேசினால் அப்படி இருப்பது ஊருக்குப் பழக்கம்.

ஊசி பற்றிப் பேச அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் கட்டுமரங்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

"ஆபீசருக்கு நான் வாக்கு குட்த்துட்டேன்," என்றார் சிங்காரம். "ஆனா வலை இழுக்குற கை வெளங்காம பூட்டுச்சுன்னா ஊரு பட்டினி. அதனால வயசானதுல ஒண்ணுத்துக்கு மொதல்ல போட்டுப் பாப்போம். நாலாம் நாளு அந்தக் கைய பாத்துட்டு, அப்பால எல்லாரும் போட்டுக்கலாம்."

நல்ல யோசனை என்றார்கள். எந்தக் கிழத்தை அனுப்புவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கேட்க ஆளில்லாத கிழம் ஊரில் ஒன்றுதான் இருந்தது.

"போட்டுக்கறேன்," என்றாள் சம்பூர்ணம். "எந்த வூட்டு ஆளா போவணும்?"

"இன்னா கேள்வி இது? உன் புள்ள வூட்டு ஆளா."

"அவன் அடுப்பு வேற, என் அடுப்பு வேற. சாவறதுக்கு மட்டும் நான் தனி ஆளு, துன்றதுக்கு சேர்த்தியா? கூறு போடும்போது தலைக்கட்டா கூப்புடு. இப்பவே கைய நீட்டறேன்."

சிங்காரம் கோயிலைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு கையை வீசினார். "சரி சரி, கூப்புடறோம். மொதல்ல போட்டுக்கோ."

மறுநாள் அவளுடைய இடது கையில் ஊசி ஏறியது. போட்டவன் செங்கல்பட்டுப் பையன் தணிகைவேல். "காய்ச்சல் வரலாம் ஆயா, பயப்படாதீங்க. நாலாம் நாள் வந்து பாக்கறேன்," என்றான். அவளிடம் இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

காய்ச்சல் வந்தது. ஊர் முறை வைத்துக்கொண்டு கீற்று இடுக்கில் எட்டிப் பார்த்தது. கஞ்சி மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. மகன் வாசலிலேயே நின்று கேட்டான்: "யம்மோவ், கீறியா?"

"கீறேன்டா. போயி வலையை இழு."

மூன்றாம் நாள் அவளே எழுந்து கரைக்குப் போனாள். கூறு போட்டார்கள். சிங்காரம் நாற்பத்தாறு பெயரையும் கூப்பிட்டுவிட்டு மேல்துண்டை உதறினார்.

"என் பேரு?"

"அடுத்த வாட்டி பாக்கலாம் சம்பூர்ணம். மொதல்ல நீ பொழைக்கிறியான்னு பாப்போம்."

சிரித்தார்கள். சடையனும் சிரித்தார், சிரிப்பில் இருமல் வெளியே வந்துவிட்டது.

சம்பூர்ணம் வீட்டுக்குப் போய்ப் பழம்புடவையைக் கிழித்தாள். தோளிலிருந்து முழங்கை வரை இடது கையை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

நாலாம் நாள் காலை கரைவலை ஏறி, கூறெல்லாம் குவித்திருந்த நேரத்தில் ஜீப் வந்தது. தணிகைவேல் அளவுகோலோடு இறங்கினான்.

"கைய காட்டுங்க ஆயா."

"மாட்டேன்."

"காட்டலன்னா எப்படிப் பாக்கறது?"

"பாக்காத."

ஊர் கிட்டே வந்து சுற்றி நின்றது. கை அழுகியிருக்கும், அதனால்தான் மூடுகிறாள் என்றான் ஒருவன். தானே மோந்து பார்த்ததாகச் சொன்னான் இன்னொருவன். அவன் அவள் வாசல் பக்கம் வந்ததே கிடையாது. வரிசையில் நிற்க வந்த கிழங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மத்தியானத்துக்குள் கடப்பாக்கம் போகவேண்டும், இந்த ஊரில் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதிக்கொண்டு கிளம்புகிறேன் என்றான் தணிகைவேல்.

ஆபீசருக்குக் கொடுத்த வாக்கு ஜீப்போடு போய்விடும் என்று சிங்காரம் ஓடி வந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்றே? ஊருக்காவ ஒரு கைய காட்டக் கூடாதா?"

"ஊரு மூணு நாளா எனுக்கு இன்னா காட்டுச்சி?"

மகன் கெஞ்சினான். சடையன் முடிச்சைத் தொடப் போனார். அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார். ஜீப் உறுமியது.

சிங்காரம் குனிந்தார். நாற்பத்தாறு குவியலிலிருந்தும் ஒவ்வொரு கை மீன் அள்ளிப் புதிதாக ஒரு குவியல் போட்டார். எந்தக் குவியலிலும் குறைந்தது தெரியவில்லை. இரண்டு வருஷமாக முடியாது என்று சொன்ன காரியம் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் முடிந்தது.

"எல்லப்பன் பொண்டாட்டி!" என்று கூப்பிட்டார்.

சம்பூர்ணம் அசையவில்லை. "எல்லப்பன் செத்து ஒன்பது வருஷமாச்சி. அவனுக்கு இன்னாத்துக்கு மீனு?"

சிங்காரம் பல்லைக் கடித்தார். கடலைப் பார்த்துக்கொண்டே, "சம்பூர்ணம் வூடு," என்றார்.

"ஜீப்பு சத்தத்துல காது கேக்கல."

"சம்பூர்ணம் வூடு!"

அவள் போய்க் கூறை அள்ளிக் கூடையில் போட்டாள். அவசரப்படவில்லை. பிறகு திரும்பி வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

கையில் ஒரு புளியங்கொட்டை அளவு வீக்கம் இருந்தது. தணிகைவேல் அளந்து, நல்லபடியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டான். ஊருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"இவ்ளோதானா?" என்றார் சடையன். உடனே, தான் இன்னும் நாஸ்தா பண்ணவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு கிழவருக்கு அன்று அமாவாசை. அமாவாசை போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

சம்பூர்ணம் கூடையை இறக்கி வைத்தாள்.

"எல்லாரும் எங்க கிளம்பிட்டீங்கோ? தலைக்கட்டு பேசுது, கேளுங்கோ. வயசானவங்கோ மொதல்ல. நாட்டாரே, உனுக்கு இன்னா வயசு?"

சிங்காரத்துக்கு அறுபத்தைந்து. அது ஊருக்கே தெரியும். சட்டை போடாத மனிதர், மடித்துவிடச் சட்டைக்கை இல்லாமல், வெறும் கையையே இரண்டு தரம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நின்றார்.