மிச்சமிருந்த மூன்று விளக்குகள்

மகன் இறந்து பதினோரு மாதமாகியும் அவன் ஏற்றி வைத்த மின்சாரம் அந்த வீட்டில் இருந்தது. அவனுடைய ட்ரில் மெஷினின் பேட்டரிக்குள், அவனுடைய அறை அலமாரியின் இரண்டாவது தட்டில். கைக்கு அடங்காத ஒரு நீலக் கட்டி. அதன் பக்கவாட்டில் சின்னப் பொத்தான் ஒன்று உண்டு. அமுக்கினால், எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று விளக்குகள் எரிந்து காட்டும். முழுதாக இருந்தால் நான்கு. இதில் மூன்று எரிந்தன.

நான்காவது எங்கே போனது என்று அவனுடைய அம்மாவுக்குத் தெரியும். சமையலறைச் சுவரில் இரண்டு பலகை அடித்துக்கொடு என்று ஒரு மாதமாக அவள் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். அன்று காலை எட்டுத் துளை போட்டுப் பலகைகளை மாட்டினான். "இப்ப திருப்தியா மகாராணி?" என்றான். பேட்டரியைக் கழற்றித் தட்டில் வைத்தான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். சாலை வளைவில் ஒரு லாரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள். அமுக்குவதிலும் துளி செலவாகுமோ என்று பயம். மூன்று பச்சைப் புள்ளிகள் எரிந்து, நான்கைந்து நொடியில் அணையும். அவ்வளவுதான். அந்த வாரத்தை ஓட்டிவிடலாம். அவன் சட்டைகளில் வாசனை போய்விட்டது, கைப்பேசியில் இருந்த குரலைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. இது மட்டும் அவன் செய்துவிட்டுப் போனபடியே, அவன் நிறுத்திய இடத்திலேயே நின்றது. கணவரிடம் இதைச் சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைப்பாரே என்பதற்காக அல்ல. சொன்னால் அதில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். துக்கத்திலும் இப்படி ஒரு கஞ்சத்தனம் உண்டு என்பதை அவள் தனக்குள் ஒப்புக்கொண்டிருந்தாள்.

கணவர் வீடுகளுக்கு அலமாரி செய்து மாட்டும் தச்சர். அவருடைய மெஷின்கள் எல்லாம் மஞ்சள் கம்பெனி. கூடவே வேலைக்கு இறங்கிய மகன், வேண்டுமென்றே நீலம் வாங்கினான். ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. இரண்டு சார்ஜர், இரண்டு பை, தினம் ஒரு சண்டை.

"அப்பா, நடுவுல ஒரு அடாப்டர் மாட்டுனா என் பேட்டரி உங்க மெஷின்ல ஓடும்ப்பா. எதுக்கு ரெண்டு மூட்டை தூக்கிட்டு அலையணும்?"

"என் மெஷின் ஊரான் வீட்டுச் சோறு தின்னாது, இன்ஜினியரே."

"அப்போ பட்டினி கிடக்கட்டும்."

மகன் படித்தது பத்தாவதுதான். இன்ஜினியர் என்பது அப்பா கொடுத்த பட்டம். அவரிடம் பதில் இல்லாதபோதெல்லாம் அந்தப் பட்டம் வெளியே வரும்.

தங்கைக்கு அறுவைச் சிகிச்சை என்று அவள் இரண்டு வாரம் போயிருந்தாள். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பையை வாசலிலேயே போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மகன் அறைக்குப் போனாள். தட்டில் தூசி. தூசிக்கு நடுவே சுத்தமான ஒரு கட்டம். பேட்டரி இல்லை.

"ஏங்க, இங்க இருந்த பேட்டரி எங்க?"

கூடத்தில் செய்தித்தாள் மடிக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் போய் நின்றாள்.

"உங்களைத்தாங்க. தம்பியோட பேட்டரி."

"என் பெட்டியில இருக்கு."

"உங்க பெட்டியில அதுக்கு என்ன வேலை?"

அவர் எழுந்து கருவிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் மெஷின். அதன் அடியில் கறுப்பாக ஒரு துண்டு. அதற்கும் அடியில் நீல பேட்டரி. அடாப்டர் வாங்கியிருக்கிறார். அவன் நான்கு வருடமாகக் கேட்டும் வாங்காதவர்.

அவள் மெஷினோடு சேர்த்துத் தூக்கிப் பொத்தானை அமுக்கினாள். எரியவில்லை. விரல் சரியாகப் படவில்லை என்று கட்டைவிரலால் அமுக்கினாள். இல்லை. மறுபடியும்.

"எல்லாத்தையும் தீத்துட்டீங்களா?" குரல் அவளுடையது போலவே இல்லை. "உங்க மெஷினுக்கு ஊர்ல வேற பேட்டரியே கிடைக்கலையா?"

"தீக்கலைம்மா. நாலே நாலு ஸ்க்ரூதான்."

"பொய் சொல்லாதீங்க."

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? மூணாவது மாடி வீடு. ஒரு அலமாரிக் கதவு, மேல் கீல். நாலு ஸ்க்ரூ முடுக்கினேன். அதுக்கு மேல முடியல. அப்படியே பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளாச்சு, திறக்கவே இல்ல."

"அப்புறம் எப்படிக் காலியாச்சு? காத்துல போச்சா?"

அவருக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபோது தெரியவில்லை என்பது மட்டும் உண்மை என்று அவளுக்குப் பட்டது. அவர் பேட்டரியைக் கழற்றி மகனின் சார்ஜரில் செருகினார். சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. சார்ஜர் அதை ஏற்கவில்லை.

மெஷின் ரிப்பேர் கடை ஞாயிறும் அரை நாள் திறந்திருக்கும். இருவரும் நடந்து போனார்கள். கடைக்காரர் பழக்கமானவர், வாயாடி.

"வாங்கண்ணே, வாங்க அண்ணி. என்னண்ணே, மஞ்சள் கட்சியிலிருந்து நீலக் கட்சிக்குத் தாவிட்டீங்களா?" என்றவர், இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். மீட்டரின் இரண்டு ஊசிகளை பேட்டரியின் வாயில் வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தமா செத்துடுச்சு. அடாப்டரை மாட்டினபடியே வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"அதான் தப்பு. அடாப்டருக்குள்ள ஒரு குட்டி சர்க்யூட் இருக்குண்ணே. மெஷின் ஓடுதோ இல்லையோ, அது பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டே இருக்கும். வேலை முடிஞ்சதும் கழட்டித் தனியா வெச்சுடணும். தம்பிக்கு நல்லாத் தெரியும். அவன் சொல்லலையா உங்ககிட்ட?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று கடைக்காரருக்கு உறைத்தது. கையில் இருந்த ஊசிகளைக் கீழே வைத்தார்.

கணவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, நான் அதைப் பெட்டியில வெச்சு மூடாம, கடகடன்னு வேலை செஞ்சு முடிச்சிருந்தா?"

"பேட்டரி உங்களுக்கு உழைச்சிருக்கும். இது வீணாப் போச்சு, அவ்வளவுதான்."

அவள் அந்தச் சொல்லை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். வீணாக. நான்கு ஸ்க்ரூ போக, மீதி எல்லாம், இரண்டரை விளக்குக்கும் மேலே, மூடிய பெட்டிக்குள், இருட்டில், எதையும் சுற்றாமல், எதையும் துளைக்காமல் ஒழுகிப் போயிருக்கிறது. இருபத்திமூன்று வயதில் போனவனுடையது வேறு எப்படிப் போகும் என்று ஒரு கசப்பான எண்ணம் வந்தது. அதை நினைத்ததற்காக அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

"ஒன்னும் கவலைப்படாதீங்க அண்ணி," கடைக்காரர் எதையாவது சரிசெய்துவிடத் துடித்தார். "உள்ளே செல் உப்பலைன்னா, மெதுவாக் கொஞ்சம் கரண்ட் ஊட்டி எழுப்பிடலாம். அப்புறம் சார்ஜர் பிடிச்சுக்கும். நாளைக்குப் பழையபடி நாலு விளக்கும் எரியும்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? இந்தக் கடையின் சுவர் ப்ளக்கிலிருந்து வரும் கரண்ட் எனக்கு எதற்கு என்று கேட்டால் இந்த மனிதர் என்ன நினைப்பார்?

"வேணாம்ப்பா," என்றார் கணவர்.

"ஏண்ணே? நல்ல கம்பெனி பேட்டரி."

"அது வேற கரண்ட்."

"கரண்ட்ல என்னண்ணே வேற? எல்லாம் ஒன்னுதானே?"

"இதுல இருந்தது அவன் ஏத்தினது." அவர் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூணு விளக்கு இருந்துச்சு. நான் வாராவாரம் அமுக்கிப் பார்ப்பேன்."

கடைக்காரர் மேஜைமேல் கிடந்த திருகாணிகளை ஒதுக்க ஆரம்பித்தார்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்றைக்கு அமுக்குவார்? அவள் கடைக்குப் போன நேரத்திலா, குளிக்கப் போன நேரத்திலா? ஒரே வீட்டில், ஒரே அறைக்குள், மாறி மாறி, சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேர் போய் வந்திருக்கிறார்கள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. அவர் பேட்டரியைத் துணியில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில் நின்றார்.

"நீ இல்லாத ரெண்டு வாரம் வீட்ல இருக்க முடியல. ஒரு நாளாவது அவன்கூட வேலை செஞ்ச மாதிரி இருக்கட்டும்னு எடுத்துட்டுப் போனேன். முதல் கீல்லயே அழுகை வந்துடுச்சு. இதைச் செலவு பண்ணக்கூடாது, மிச்சம் வெக்கணும்னுதான் மூடி வெச்சேன். திட்டு. நல்லாத் திட்டிடு என்னை."

திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. காலையிலிருந்து சேர்ந்தது, பதினோரு மாதமாகச் சேர்ந்தது.

"நானும் ஞாயிற்றுக்கிழமை அமுக்குவேங்க," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். வாய் கோணியது. எதிரே வந்த சைக்கிள்காரர் மணியடித்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கடைசியில்.

"நீங்களும்தான்."

அதற்கு மேல் நடக்க அவளால் முடியவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரியை அவள் மடியில் வைத்தார். எடை ஒன்றும் குறையவில்லை. மூன்று விளக்கு இருந்தபோது எவ்வளவு கனத்ததோ, அவ்வளவே இப்போதும் கனத்தது.