அல்போன்சா திட்டாத நாற்பது நாள்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று 1942இல் மதராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நானும்தான் ஓடினேன். அப்போதுகூட நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் மனைவி அல்போன்சா பாஸ்குக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின தபசு காலம் முழுக்க யாரையும் திட்டாமல் இருந்தாளே, அப்போதுதான் பயம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று, மயிலாப்பூரில் எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எல்லோரையும் ஒரு பிடி பிடித்தார். "ரேஷன் கடையில் புழுத்த அரிசிக்கே வரிசையில் நிற்கிறீர்கள். இதில் கறியை விட்டுவிட்டேன் என்று பெருமை வேறு. கிடைக்காததை விடுவது என்ன ஒறுத்தல்? எதை விட்டால் வலிக்குமோ அதை விடுங்கள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அல்போன்சா சொல்லிவிட்டாள். "பாஸ்கு வரைக்கும் நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டமாட்டேங்க. மாதாகிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "அப்போ நான் மூக்குப்பொடியை விட்டுடறேன்" என்றேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வரம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் கெட்ட வார்த்தை பேசமாட்டாள். என்னை 'வாங்க, போங்க' என்று மரியாதை குறையாமல்தான் திட்டுவாள். அதுதான் தாங்க முடியாது. காலையில் பால்காரரிடம் ஆரம்பித்து, சலவைக்காரர் சுப்புராயன் வழியாக, எட்டரை மணிக்கு என்னிடம் வந்து முடியும். அடுத்த வீட்டு ஹாஜிரா பீ அதை வைத்துத்தான் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவாள். அவர்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது.

முதல் வாரம் நான் ராஜாவாக இருந்தேன். செருப்பைக் கூடத்தில் விட்டேன். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டேன். நாலாம் நாள் ஹாஜிரா பீ மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா வாத்தியாரே, அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா? சத்தமே காணோம். புள்ளைங்க ரெண்டு நாளா லேட்டு."

இரண்டாம் வாரத்தில் பாலில் தண்ணீர் கூடிவிட்டது. அல்போன்சா அதைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்ப்பாள், சிலுவை போட்டுக்கொள்வாள், உள்ளே போய்விடுவாள். எனக்கே என்னவோ போல் இருந்தது. அதோடு, சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். பொடி டப்பாவைத்தான் தேடுகிறாள் என்று நினைத்தேன். பொடியை நான் மூன்றாம் நாளே மறுபடி ஆரம்பித்திருந்தேன். டப்பாவை மட்டும் பையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். நம்மைப் பிடிக்க முடியுமா என்று எனக்கு ஒரு மமதை.

இந்த லட்சணத்தில்தான் கடிதம் வந்தது. பவுல்சாமி, அல்போன்சாவின் ஒரே தம்பி, ராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் வீடு மாறிக்கொண்டே இருந்ததால் என் பள்ளிக்கூட விலாசத்துக்குத்தான் எழுதுவான். எழுதுவதில் மகா சோம்பேறி. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு வரி இல்லை. அவன் குணம் தெரிந்ததுதானே என்று நான் விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் நடுவில் ஒரு நாள் தபால்காரர் வகுப்புக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். உறைமேல் ராணுவ முத்திரை, பவுல்சாமியின் கோணல் எழுத்து. அவன் அக்காவிடமே கொடுப்போம் என்று பிரிக்காமல் பையில் போட்டேன். அப்புறம் பரீட்சைத் தாள், லஸ் முனையில் ஒரு சிநேகிதர், அவரோடு அரட்டை. கடிதம் சுத்தமாக மறந்துபோனது. பையைப் பார்க்கும் அல்போன்சாவும் அன்று சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை சுப்புராயன் சட்டையை எடுத்துப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்துச் சட்டை வந்தது. மொடமொடவென்று கஞ்சி போட்ட பையை விரலால் பிரித்தேன். உள்ளே ஊறிக் காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு கட்டி, அதில் நீலமாய் ஒரு கறை. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. அதை எடுத்துப் பொடி டப்பாவில் ஒளித்து வைத்தேன்.

அப்போது உதித்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் திட்ட முடியாத காலம் இது. பாஸ்குக்கு முன்னால் சொல்லிவிட்டால் தப்பித்தேன். சொல்லாமல் விட்டு, பவுல்சாமியின் அடுத்த கடிதத்தில் விஷயம் வெளியே வந்தால் தொலைந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, தைரியம்தான் வரவில்லை. அவள் வாய் மூடி நிற்கும் கோலத்தைப் பார்த்தால் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நாளைக்கு, நாளைக்கு என்று, கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது.

பாஸ்குக்கு முந்தின நாள், பெரிய சனியும் வந்தது. அந்தக் காலத்தில் பாஸ்குப் பூசை இப்போது போல ராத்திரியில் கிடையாது, சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். வியாழன் முதல் கோவில் மணிகள் ஊமையாகிவிடும், மரச்சட்டத்தைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை பூசையில் சாமியார் 'குளோரியா' பாட்டை எடுத்ததும் அத்தனை மணியும் ஒன்றாக அடிக்கும். சுரூபங்களை மூடியிருந்த ஊதாத் துணி விழும். நடுப்பகலில்தான் தபசு முடிகிறது என்பது சட்டம். எங்கள் பங்கு ஜனங்களுக்கு அந்த மணிதான் முடிவு. ஆக, மணி அடிக்கும் வரைதான் எனக்குத் தவணை. கோவிலுக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதால் உள்ளே போய்ச் சொல்லவும் முடியாது.

வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே போனேன். கோவில் வாசலில் அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே காலெடுத்து வைத்தபோது, "அல்போன்சா, ஒரு நிமிஷம்" என்றேன்.

"இன்னாங்க?"

"பவுல்சாமிகிட்டேருந்து கடுதாசி வந்துச்சு. சட்டைப் பையில வெச்சு மறந்துட்டேன். சுப்புராயன் துவைச்சுட்டாரு. ஒண்ணும் மிஞ்சல. என் தப்புதான்."

"எப்போ வந்துச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

"அவன் கையெழுத்தா? நல்லாப் பார்த்தீங்களா?"

"அவன் எழுத்துதான். போன மாசம் போட்டது. முத்திரையில தேதி பார்த்தேன்."

அல்போன்சா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். கடிதம் போன துக்கம் என்று நினைத்து, "அடுத்தது வரும்மா" என்று ஏதோ உளறினேன். அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணில் நீர் வழிய, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"உயிரோட கீறான்" என்றாள்.

நானும் படியில் உட்கார்ந்தேன்.

"ஜனவரியில நம்ம பங்குலயே ரெண்டு வீட்டுக்குப் பட்டாளத்துத் தந்தி வந்துச்சு. மூணாவது நம்ம வீடுதான்னு நெனச்சிக்கினேன். வாயால சொன்னா நடந்துடுமோன்னு உங்ககிட்டகூடச் சொல்லல. நான் திட்டுறத விட்டுடறேன், என் தம்பியக் காப்பாத்துன்னுதான் மாதாகிட்ட கேட்டேன். தினம் உங்க பையத்தான் பார்த்துக்கினு இருந்தேன், கடுதாசி எதாச்சும் எட்டிப் பார்க்குதான்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் ஆண்கள் பக்கம் போய் மண்டியிட்டேன். சாமியார் பன்னிரண்டு தீர்க்கதரிசனங்களை லத்தீனில் வாசித்துக்கொண்டிருந்தார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடிதத்தைக் கையில் வாங்கிய நிமிஷமே பவுல்சாமி இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டதால், அவளுக்குத் தெரியாது என்பதே உறைக்கவில்லை. ஒரு திட்டுக்குப் பயந்து, அவள் தம்பியை மூன்று வாரம் நானே குழியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அன்று என்மேல் எனக்கு வந்த கோபம் மாதிரி யார்மேலும் வந்ததில்லை.

குளோரியா எழுந்தது. மணிகள் அடித்தன, ஊதாத் துணி விழுந்தது, பீடம் முழுக்கப் பூவாக இருந்தது. கோவிலே பீடத்தைப் பார்க்க, அல்போன்சா மட்டும் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டதும், எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வாங்க என்கிற பார்வை அது.

வீடு வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. பூசை முடிந்து வாசலுக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க சார். ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற வாத்தியாரு. என் தம்பி உயிரோட கீறான்னு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. வாயத் தொறந்தீங்களா? நான் தினம் மெழுகுவத்தி ஏத்திக்கினு இருக்கேன், நீங்க பொடி போட்டுக்கினு இருக்கீங்க. ஆமா, அதுவும் தெரியும். தும்மல இன்னா, தலகாணியிலயா ஒளிச்சு வெப்பீங்க?"

சாமியார் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவளே சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காஸ்பர், இப்பத்தானே சுவிசேஷம் வாசிச்சேன். லத்தீன் ஆனதால உனக்குப் புரியல போலிருக்கு. கல்லறையில, வானத்துலேருந்து வந்த சம்மனசு அந்தப் பெண்கள்கிட்ட சொன்னது ரெண்டே விஷயம். அவர் உயிர்த்தார். சீக்கிரம் போய்ச் சொல்லுங்க. முதல் விஷயம் எல்லாருக்கும் நினைவிருக்கு."

வீடு வரை அல்போன்சா முன்னால் திட்டிக்கொண்டே நடக்க, நான் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த பால்காரர் அந்தக் குரலைக் கேட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் பொடி டப்பாவைத் திறந்து அந்தக் கட்டியைக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்து ஒரு தும்மல் போட்டாள். பிறகு மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்.

"ஹாஜிரா பீயும் பவுல்சாமிக்காகத் துவா கேட்டுக்கினு இருந்துச்சு. அதுகிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன். போய்ச் சொல்லுங்க. இதையும் மூணு வாரம் வெச்சிக்கினு இருக்காதீங்க."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஹாஜிரா பீ அடுப்படியில் ஏலக்காய் மணக்கச் சேமியா கிளறிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, "பவுல்சாமி..." என்றேன்.

"தெரியும் வாத்தியாரே" என்றாள் அவள், கரண்டியை நிறுத்தாமல். "தெருமுனை திரும்பும்போதே அக்கா திட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."