எர்ணாவூர் அகத்திப்பூ

எர்ணாவூர் பச்சையம்மா வீட்டு அகத்திப்பூவைப் பொரியல் செய்து தின்றால், அவள் புருஷன் கிருஷ்ணப்பன் கடைசியாக என்ன சாப்பிட்டானோ அந்த ருசிதான் வாயில் நிற்கும். எங்கே சாப்பிட்டான் என்பது மட்டும் தெரியாது. மரம் நிற்பது வீட்டுக்குப் பின்னால், பாதியாக அறுத்த ஆயில் டிரம்மில். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனே மண் நிரப்பி விதை ஊன்றியது. அது பூப்பதற்குள், ஒரு கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு விசாகப்பட்டினம் கிளம்பியவன் திரும்பவில்லை. வண்டி கூடூர் தாண்டி ரோட்டோரம் நின்றது, சீல் உடையாமல், சாவியோடு. ஆளைத்தான் காணோம்.

முதல் பூக்களைப் பறித்து, கசக்கும் நடுக்காம்பை உருவிப் போட்டு, வெங்காயத்தோடு வதக்கினாள். வாயில் வைத்தால் புளிச்சக்கீரைத் துவையல். டிபன் பாக்ஸில் போட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனாள். ரைட்டர் இரண்டு வாய் தின்று பார்த்து, இது கோங்குராதான், ஆள் ஆந்திராவில் உயிரோடு இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ருசியை எஃப்.ஐ.ஆரில் ஏற்ற வழியில்லை என்று சொல்லி, டப்பாவைக் காலி செய்து திருப்பிக் கொடுத்தார், புண்ணியவான். அவள் போட்டோவை வைத்துக்கொண்டு நெல்லூர், ஓங்கோல் என்று ரயிலேறி அலைந்தாள். ஆந்திராவில் கோங்குரா இல்லாத தெரு எது?

அனல் மின் நிலையத்துச் சாம்பல் விழுந்து பக்கத்து வீட்டு முருங்கை செத்தது. அகத்தி மட்டும் வருஷம் முழுக்கப் பூத்தது. மூன்று வருஷம் லாரி ஓட்டல் பருப்பு, ஆறிப்போன புரோட்டா. நாலாம் வருஷம் ஒருநாள் சுடச்சுட மீன் குழம்பு வந்தது, மறுநாள் மிளகு ரசம். ஒரே கை. ஓட்டல் சோறு தினமும் ஒரே கையாக இருக்காது. யாரோ ஒருத்தி அவனுக்காக அடுப்பில் நிற்கிறாள். பச்சையம்மா தட்டைச் சுவரில் விட்டெறிந்தாள். பக்கத்து வீட்டில் நைட்டி தைக்கும் ரூபினா வந்து பொறுக்கிப் போட்டாள். அகத்தி ஆயிரம் காய் காய்த்தாலும் புறத்தி புறத்திதான், அவன் வந்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னாள். இதில் யார் புறத்தி என்று பச்சையம்மாவுக்கு விளங்கவில்லை. மறுநாளும் பூப் பறித்தாள்.

“இன்னாத்துக்குக்கா இத்தப் போய் துன்னுகினு கீற? மரத்த வெட்டிப் போடு,” என்றாள் ரூபினா.

“அந்தாளு உசுரோட கீதுன்னு தெரியுதுல்ல. அது போதும் எனக்கு.”

வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வீட்டுக்குள் வந்த டிசம்பரில் உப்பு போய்விட்டது. எவ்வளவு போட்டாலும் பொரியல் சப்பென்றிருந்தது. பத்தியம் என்று புரிந்துகொண்டாள். பிறகு கஞ்சி. பிறகு நாக்கை இழுக்கும் கஷாயம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அகத்தி மருந்தை முறிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அவள் தின்னத் தின்ன, அங்கே அவனுக்கு மருந்து எப்படிக் கேட்கும்? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பூவைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். ரூபினா தலையில் அடித்துக்கொண்டாள். பூக்கள் உதிர்ந்து டிரம்மைச் சுற்றி அழுகின. மரம் பூத்த பிறகு அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அவள் கழித்த நாட்கள் அவைதான். கையில் வேலை ஓடவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் பொரியலில் பச்சரிசி ருசித்தது. வேகாத அரிசி, நல்ல ரகம், கல் இல்லை, புழு இல்லை. ஒரு வாரம் பார்த்தாள். அது மாறவே இல்லை. வாய்க்கரிசி என்று யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தேதி, யார் கொள்ளி வைத்தது, ஒன்றும் தெரியாது. பிணமில்லாத வீட்டில் எப்படி அழுவது என்று தெரியாமல் தெருப் பெண்கள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அவன் போனது மண்டலம் முடிந்த அன்றைக்கா, அதற்கு முன்னே தான் தின்னாமல் இருந்த ஏதோ ஒரு நாளிலா என்று பச்சையம்மா ரூபினாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எட்டாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, டப்பாவிலிருந்து ஒரு பிடி ரேஷன் பச்சரிசியை எடுத்துப் பின்பக்கம் போனாள். டிரம்மைச் சுற்றி வந்து, மரத்தடியில் மூன்று தரம் போட்டாள்.

“இந்தா, எம் பங்கு,” என்றாள்.

மறுநாள் பொரியலில் ரேஷன் அரிசியின் மக்கல் வாடை வந்தது. ரூபினாவும் தின்று பார்த்துத் தலையாட்டினாள். இன்றைக்கும் அதே வாடைதான். கிருஷ்ணப்பன் அதற்குப் பிறகு வேறெங்கும் சாப்பிடவில்லை.