அரை பாட்டில் லாவெண்டர்

அன்று காலையிலிருந்தே நெல்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. டிசம்பர் சல்சா நடன ஊர்வலத்துக்குக் குழு தேர்ந்தெடுக்கிறவர்கள் மத்தியானம் அவளுடைய நடனக் கூடத்துக்கு வருகிறார்கள். கொலம்பியாவின் காலி நகரில் சல்சா ஆடிவிட்டு அந்த ஊர்வலத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஆடியும் பிரயோசனமில்லை. அவள் குழுவுக்கு இதுவரை கிடைத்ததே இல்லை.

வார்னிஷ் பூசிய மரத்தரையை அவளே துடைத்தாள். எங்கள் ஊரில் துடைத்தால் தெருமுனைவரை மணக்க வேண்டும். இல்லாவிட்டால் துடைக்கவே இல்லை என்று பேசுவார்கள். ஒரு மூடி போதும் என்கிற, தரை துடைக்கும் லாவெண்டர் திரவத்தில் அரை பாட்டிலை வாளியில் கவிழ்த்து, மாப்பைச் சொட்டச் சொட்ட இழுத்துவிட்டாள்.

முதலில் ஆடிப் பார்த்தது நாத்தனார் யாமிலெத். சுழன்றாள். இடுப்பு திரும்பியது, ஷூ திரும்பவில்லை. சுவரைப் பிடித்துத் தப்பினாள்.

"அண்ணி, தரையைத் துடைச்சீங்களா, வெல்லப்பாகு ஊத்துனீங்களா?"

"வாசமா இருக்கட்டும்னுதான்டி..."

"மூக்கா ஆடப்போகுது?"

ஜன்னல் வெளிச்சத்தில் தரையெங்கும் வெள்ளைக் கோடுகள், காய்ந்த நீர்ப்புள்ளிகள். நெல்சிக்கு அழுகை முட்டியது.

யாமிலெத் வெறும் தண்ணீர் கொண்டுவந்தாள். "ஒரு சொட்டு விழாம மாப்பைப் பிழிங்க. மரம் தண்ணி குடிச்சா உப்பிடும். கலங்குன தண்ணியை உடனே மாத்துங்க. நான் துடைக்கத் துடைக்க, பின்னாலயே ஈரத்தை எடுத்துடணும். தானா காயட்டும்னு விட்டா மறுபடியும் புள்ளிதான்."

குனிந்து துண்டால் ஒற்ற நேரமேது? குழுவில் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலடியில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். யாரோ பாட்டைப் போட்டார்கள். அவ்வளவுதான். தாளம் ஏற ஏறத் துண்டுகள் வழுக்கிப் பறந்தன, தரை பளபளத்தது. நெல்சியும் நடுவில் புகுந்தாள். தேர்வை மறந்தே போனாள். இப்படிச் சந்தோஷமாக ஆடி எத்தனை நாளாயிற்று!

பாட்டு நின்றபோதுதான் வாசலில் தேர்வாளர்கள் நிற்பது தெரிந்தது. நெல்சி அவசரமாகத் துண்டைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, தரைதான் துடைச்சிட்டிருந்தோம். ஷூ போட்டுக்கிட்டு இதோ ஆடிக் காட்டுறோம்."

"துடைச்சது தெரியுது. தெருமுனைவரைக்கும் மணக்குதே," என்றார் தேர்வாளர்களின் தலைவி. "ஆட்டத்தையும் பாத்தாச்சு. ஆனா டிசம்பர் ஊர்வலம் தார் ரோட்டுல. துண்டு வழுக்காது, ஷூவோட வாங்க."

நெல்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவாடை ஒட்டவில்லை.