மூன்றே முக்கால் ஸ்பிரிங்

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் பழைய கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்பக்கம் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. பீடை ஒழிந்தது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பெருமையடித்தேன். அங்கே ரிப்பேர் பார்க்கும் அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சத்தம் போட்ட வரைக்கும் அது உயிரோட இருந்துச்சு சார். இப்பதான் செத்துப்போச்சு" என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் நிஜம். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. கட்டியதை அவரிடமே படிக்கக் கொடுத்தேன், அது என் கெட்ட நேரம்.

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டியது. பின் சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி வலியில்—"

(அடித்துவிட்டேன். "பிள்ளைத்தாச்சிய ஏத்தாம உங்களுக்குக் கார் ஓட்டவே வராதா சார்?" என்று கேட்டுவிட்டார்.)

இரண்டாவது: "டிஃபரன்ஷியல் என்பது மனித உறவைப் போல—"

(சீச்சீ.)

மூன்றாவது நின்றது. அக்கா தங்கை இரண்டு பேர். பெரியவள் நர்ஸ். மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். போன வாரம் இரண்டு நாள் சரளைமேட்டில் கார் சிக்கித் தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை ஆனால் வேறு ஆள் வருவார் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்.*

சின்னவள் மெக்கானிக். காரைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

* நடந்து போகலாமே என்பவர்கள் மழையில் பதினொரு கிலோமீட்டர் மேடு ஏறிவிட்டு வந்து பேசவும்.

3

கொஞ்சம் பாடம் நடத்தியே ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கார்களில் பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், என்ஜினின் பலமெல்லாம் அந்தச் சோம்பேறிக்கே போய் வீணாகும், மற்றது சும்மா நிற்கும். அப்படி ஆகாமல் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்கு, சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் ஒரு லாக் உண்டு. நான்கு குட்டி ஸ்பிரிங்கும் பல் சக்கரங்களும். வளைவில் பற்கள் விட்டு விட்டுப் பிடிக்கும், அதுதான் அந்த டக் டக்.

பெரியவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது. "காதுல ஆணி அடிக்குதுடி" என்று தினமும் புலம்பினாள். ஆறு வாரத்துக்கு முன் சின்னவள் டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கிவிட்டுக் கெட்டியான எண்ணெய் ஊற்றினாள். சத்தம் அமுங்கியது. அக்கா கைதட்டினாள். சின்னவளுக்கும் உச்சி குளிர்ந்தது.

ஆனால் எண்ணெய் இறக்கும் திருகின் காந்தத்தில் ஒரு துணுக்குக் கம்பி ஒட்டியிருந்தது. நகத்தளவு. உடைந்த ஸ்பிரிங் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் துடைத்துப்போட்டாள். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம், அக்கா இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறாள் என்று—

(இங்கே அவளுக்குப் பரிந்து நான்கு வரி எழுதியிருந்தேன். மெக்கானிக் அம்மா பேனாவை வாங்கி நான்கையும் அடித்தார். "தப்புன்னா தப்புதான் சார். எதுக்கு மெத்தை போடுறீங்க?")

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் லாக்கைப் பிரித்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், நான்கில் மூன்று உடைந்திருந்தது, நான்காவது வளைந்திருந்தது. புதிது எங்கேயும் கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் மூன்று மணி நேரம் குப்பையைக் கிளறினாள். நகம் பிய்ந்தது. மூன்று ஸ்பிரிங் சரியாகப் பொருந்தியது. நான்காவது அளவில் கால்வாசி குட்டை. அதற்கு அடியில் ஒரு தகடு வைத்து ஏற்றி மாட்டினாள். முடியாது என்ற வார்த்தை அன்று முழுக்க அவள் வாயில் வரவில்லை. அவளை நான் உண்மையாகவே மதிக்க ஆரம்பித்தது இங்கேதான்.

5

முடிவுகள், என் கைவசம் இருந்தவை:

அ) பற்களை வெல்டிங் வைத்து நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறாள். கார் ஏறுகிறது. சுபம்.

("ஏறும். ஈரத்துல வளைவு வந்தா திரும்பாம நேரா பள்ளத்துக்குப் போகும். உங்க கூடப் பிறந்தவங்கள அதுல அனுப்புவீங்களா?" அடித்தேன்.)

ஆ) எல்லாம் சரியாகிறது. துணுக்குக் கம்பியைப் பற்றி யாருக்கும் தெரியவே தெரியாது.

இந்த இரண்டாவதை யாரும் அடிக்கவில்லை. நானேதான் அடித்தேன், மூன்று நாள் கழித்து. அதை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

6

திங்கள் காலை. தூறல். பெரியவள் சீருடையில், சாவியோடு. சின்னவள் கார்க் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

"மணி ஆறேகால்டி!"

"லாக் உடைஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும். எண்ணெய் மாத்துறப்பவே. கம்பித் துண்டு வந்துச்சு, துடைச்சுப் போட்டுட்டேன். ரெண்டு நாள் நீ மாட்டிக்கிட்டது என்னாலதான். இப்ப மாட்டியிருக்கிறதுலயும் ஒண்ணு குட்டை. தாங்கும்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

பெரியவள் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் முதலில் எழுதினேன். அழுவாள் என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே ஒட்டவில்லை. அவளுக்கு நேரமில்லை.

"இதைச் சொல்ல ஆறு வாரமா?"

"ஆமா."

"வண்டி நல்லா இருக்கான்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானடி நான் தினமும் கிளம்பினேன்."

சின்னவள் வழியை விட்டு விலகினாள். பெரியவள் உட்கார்ந்தாள், கிளப்பினாள், கண்ணாடியை இறக்கினாள்.

"பின்னாடி ஏறு."

"நானா?"

"பின் சக்கரத்து மேல வெயிட் இருந்தா பிடிப்பு கூடும்னு நீதான சொல்லுவ?"

"அக்கா... மன்னிச்சிட்டியா?"

"வெயிட்டுன்னு மட்டும்தான் சொன்னேன். ஏறு."

7

கார் மேட்டடிக்கு வந்து நிற்கிறது. ஆறு நாற்பது. ஏறியதா இல்லையா என்று எழுத மாட்டேன். எழுதினால் அந்தக் குட்டை ஸ்பிரிங்கை நான் தூக்கிப் பிடித்ததாகிவிடும். எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது.

நான் ஏற்கெனவே பின் சீட்டில், சின்னவளுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் திரும்பிப் பார்த்து, "வெயிட் பத்தாது" என்கிறாள். நீங்கள் ஏன் இன்னும் ரோட்டிலேயே நிற்கிறீர்கள்? அந்தப் பக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது, சீக்கிரம் ஏறுங்கள்.