மலைக்கு அடியில் என் அம்மாவும் மனைவியும்

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசைச் சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சண்டை உப்பு, காரம் பற்றியது அல்ல. ஒரு மலைத்தொடரின் அடி ஆழத்தில், யாரும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில், பூமியின் ஓடு ஏன் அவ்வளவு தடித்துக் கிடக்கிறது என்பது பற்றியது.

அம்மாவும் மனைவியும் நிலவியலாளர்கள், ஒரே ஆய்வுக்கூடம். இரண்டு நிலப்பரப்புகள் மோதியபோது பாறைப் பாளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி அடுக்காகிவிட்டன என்பது அம்மாவின் கட்சி. இல்லை, கீழிருந்து ஏறிவந்த பாறைக்குழம்பு வெளியேற வழியில்லாமல் அங்கேயே உறைந்து தடித்தது என்பது மனைவியின் கட்சி. நான் கதை எழுதுகிறவன், எனக்குக் கட்சி இல்லை. இருந்தால் சாப்பாடு இல்லை.

2

முதல் தொடக்கம்: "மலை மௌனமாக நின்றது." அடித்துவிட்டேன். வேறு எப்படி நிற்கும்?

இரண்டாவது: "மாமியார், மருமகள் என்றாலே—" வேண்டாம். நீங்கள் ரிமோட்டைத் தேடுவீர்கள்.

ஆகவே நேராக, சண்டையைத் தீர்க்க இருவரும் ஆய்வுக்கூடத்தில் செய்துவைத்த கண்ணாடிப் பெட்டிக்கு வருகிறேன். மீன்தொட்டி அளவு. அடியில் மெழுகு, அதுதான் ஆழத்துப் பாறை. மேலே வண்ண மணல். ஒரு பக்கச் சுவரை மோட்டார் மெல்லத் தள்ளும், மெழுகு மடிந்து அடுக்காகும், மேலே குட்டி மலை எழும்பும். கீழே ஹீட்டர். தள்ளுவது அம்மாவின் கொள்கை, சுடுவது மனைவியின் கொள்கை. முழுச் சூட்டிலும் அடுக்கு நின்றால் அம்மாவுக்கு வெற்றி. உருகிப் பரவினால் அம்மா வாழ்நாளெல்லாம் கட்டிய கொள்கை போச்சு. மெழுகு இறுகியபின் கத்தியால் குறுக்கே வெட்டினால்தான் தெரியும்.

(குறிப்பு: தோற்பவர் முடிவை ஆய்வுக்கட்டுரையாக எழுத வேண்டும் என்று பந்தயம். எழுதுவது இருவருக்குமே வேப்பங்காய்.)

3

முதல் வரைவில் அடுக்கு சரிகிறது, அம்மா ஜன்னலருகே போய் அழுகிறார். அதை அம்மா படித்துவிட்டார்.

"இதுல நான் எதுக்குடா அழறேன்? தப்புன்னு தெரிஞ்சா, சரி எதுன்னு தேடப் போவேன்."

பாத்திரமே எதிர்த்துப் பேசினால் என்ன செய்வது? அழுகையை நீக்கினேன்.

4

நடந்தது வேறு. வெட்டியபோது அடுக்கு அப்படியே நின்றிருந்தது. மனைவி அம்மாவைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். தோற்றவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்ததை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அம்மா கவனித்தார். பெட்டியை மோந்து பார்த்துவிட்டு மருமகள் பக்கம் திரும்பினார்.

"மெழுகு வாசனையே வரலையேம்மா."

மனைவி தலைகுனிந்தாள். ஹீட்டரைப் பாதிச் சூட்டிலேயே விட்டிருக்கிறாள்.

"உங்க இத்தனை வருஷ உழைப்பு அத்தை. என் கையால உருக்க மனசு வரல."

(இங்கே ஒரு மழை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

அம்மாவுக்கு வந்ததே கோபம். "என்னை எதிர்த்து நிக்க நீ ஒருத்திதான் இருக்கே. நீயும் விட்டுக்கொடுத்தா நான் யார்கூட வாதாடறது? கதை எழுதறவன்கூடயா?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. பெட்டியைக் கழுவினார்கள், மெழுகும் மணலும் புதிதாக நிரப்பினார்கள். ஹீட்டரின் திருகை அம்மா தன் கையாலேயே கடைசிவரை திருப்பினார்.

5

இப்போது ஆய்வுக்கூடம் முழுக்க மெழுகு வாசனை. மோட்டாரும் ஹீட்டரும் நின்று, பெட்டி ஆறி, மெழுகும் இறுகிவிட்டது. நீ வெட்டு என்கிறார் அம்மா, நீங்கதான் வெட்டணும் என்கிறாள் மனைவி. அதற்கும் ஒரு சண்டை.

முடிவுகளை எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஒன்றில் அடுக்கு நிற்கிறது. ஒன்றில் பரவிவிடுகிறது. பாதி நின்று பாதி பரவியதாக மூன்றாவது ஒன்றும் இருந்தது, மலைக்கே பஞ்சாயத்து பண்றியா என்று இருவரும் சேர்ந்து கிழித்துப் போட்டுவிட்டார்கள். தோற்பவர் எழுதும் கட்டுரையைத் திருத்தித் தரும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எனவே, கத்தி இதோ. நீங்கள்தான் வெட்ட வேண்டும். நடுவில், நேராக, மேலிருந்து அடிவரை. யார்மேலும் இரக்கப்பட்டுக் கையைக் கொஞ்சம் சாய்த்துவிடாதீர்கள். அம்மா கண்டுபிடித்துவிடுவார்.